மாடசாமியின் நெஞ்சில் இருந்த நிழல்

சங்கரன்கோவில் எனக்கு வெளிநாடு. அந்த ஊரில் யாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பேசுறது தமிழு, முகமும் நம்ம முகமாத்தான் இருக்கு. பெறகு என்ன வெளிநாடுங்கீக?" என்று பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் முதல் நாளே என்னை மடக்கினார். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தவர், "போட்டோவுக்கு நேர்ல தேவலை" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் பினாங்குக்காரி. மருத்துவம் படித்தது சென்னையில். ஊர் திரும்பி மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். பிறகு சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று ஜெனிவாவுக்குக் கிளம்பிவிட்டேன். "ஊசி போடத் தெரிந்தவளுக்கு ஒப்பந்தம் எதற்கு?" என்று அப்பா கேட்டார். காலரா பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டா எல்லை தாண்டுகிறது, அதை விரட்டுகிறவளுக்கு நாடுகள் பேசிக்கொள்ளும் பாஷையும் தெரிய வேண்டாமா என்று பெரிய மனுஷி மாதிரிப் பதில் சொன்னேன். அப்பா சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. எழுபதுகளின் கடைசி அது. மருத்துவத்தையும் ராஜதந்திரத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு உலகம் சுற்றலாம் என்று நான் உறுதியாக நம்பிய காலம்.

ஜெனிவாவில் என் பேராசிரியர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஒரு வேலை கொடுத்தார். "எல்லை தாண்டும் காகிதம் ஒன்றைத் தேர்ந்தெடு. அது புறப்படும் ஊருக்குப் போ. அதைத் தொடுகிற ஒவ்வொரு கையையும் எழுதி வா." வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்கப்படும் உடல்தகுதிச் சான்றிதழை நான் எடுத்துக்கொண்டேன். சென்னையில் என் அறைத்தோழியாக இருந்த சங்கரி, சங்கரன்கோவிலில் கிளினிக் வைத்திருந்தாள். எழுதிக் கேட்டதும் பதில் வந்தது. "ஏட்டி பினாங்கு, கடையநல்லூர்ல வீட்டுக்கு ஒருத்தரு போயாச்சு. இப்ப எங்க ஊரு தறிக்காரங்களும் கிளம்புதாங்க. புறப்பட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். சங்கரி வாங்கி வைத்திருந்த ஆட்டுக்கறி பிரியாணி வாழையிலைப் பொட்டலத்தில் காத்திருந்தது. பினாங்குக்காரர்கள் எங்கள் ஊர் நாசி கந்தார் சோற்றுக் கடைகளைப் பற்றி எங்கே போனாலும் அளப்போம். அந்தப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு, இந்த ஊரில் இருக்கும்வரை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். வெயில்தான் தாங்கவில்லை. எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் கூடவே கடல் இருக்கும். இங்கே கரிசல் காட்டைத் தாண்டி வருகிற காற்று, அடுப்பைத் திறந்து விட்டதுபோல் முகத்தில் அடித்தது.

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் முதல் ஆளாக மாடசாமி வந்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். கையில் பழுப்பு உறைக்குள் எக்ஸ்ரே படம். பின்னால் அவன் மனைவி முப்பிடாதி, தலையில் கனகாம்பரம் வைத்து, கோவிலுக்கு வந்தவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். வளைகுடாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் மாடசாமிக்கு இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் ஏஜெண்டு ஒரு கூட்டத்தை பம்பாய்க்குக் கூட்டிப்போகிறார். ஆனால் கம்பெனி அங்கீகரித்த திருநெல்வேலி டாக்டர், போன வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் நிழல் இருக்கிறது, காசநோயாக இருக்கலாம் என்று சான்றிதழில் சிவப்பு முத்திரை குத்திவிட்டார். 'தகுதியில்லை.' வெள்ளிக்கிழமைக்குள் அது மாறாவிட்டால் அவன் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. சளியை மூணு நாளா மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துட்டேன், ஒரு கிருமியும் இல்ல," என்றாள் சங்கரி. "நீயும் பாரு."

சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மூச்சு சுத்தமாக இருந்தது. கருவியை எடுத்தபோது அதன் வட்டத்தில் செம்மண் பொடியாக ஒட்டியிருந்தது. பஞ்சால் துடைத்தேன். மறுபடி வைத்தேன், மறுபடி ஒட்டியது. குளித்துவிட்டு வரக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதை முகத்தில் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. மாடசாமி வெட்கப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"தறிக்கூடத்துல தூசியில நின்னு ஏழு வருசம் ஆச்சு டாக்டரம்மா," என்றான். "ஒரு நாளு மூச்சு வாங்குனது கிடையாது. இவுக ஒரு படத்தைப் புடிச்சுட்டு எனக்குச் சீக்குங்காக. தெருவுல எவனும் என் தம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டேங்கான்."

அன்று மாலை சங்கரி என்னைக் கோமதி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர்கள் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் தண்ணீரில் குழைத்து முழங்காலில் பற்றுப் போட்டுக்கொண்டாள். தேமல், சிரங்கு, விஷக்கடி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் முதல் மருந்து அதுதான், அது கேட்காவிட்டால்தான் தன்னிடம் வருகிறார்கள் என்றாள் சங்கரி. நானும் ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டேன். விரலில் தேய்த்துப் பார்த்தபோதுதான் காலையில் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்த ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சங்கரியின் ஜன்னல் கண்ணாடியில் எக்ஸ்ரேயை ஒட்டவைத்து இருவரும் பார்த்தோம். நுரையீரலில் இருக்கிற நிழல் விலா எலும்புக் கூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். இந்த நிழல் காறை எலும்பைத் தாண்டி, கூட்டை விட்டு வெளியேறி, அக்குள் வரை போயிருந்தது. உடம்புக்கு உள்ளே இருக்கும் எதுவும் அப்படிப் போகாது.

"சங்கரி, இது தோலுக்கு மேல இருக்கு!"

தறிக்காரர் தெருவுக்கு அப்போதே ஓடினோம். மாடசாமி வீட்டுத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். எக்ஸ்ரே எடுத்த அன்றும் மண் பூசியிருந்தாயா என்று கத்தினேன்.

"ஆமா, காலையிலேயே இவ கனமாப் பத்துப் போட்டுவிட்டா. போகும்போதே காஞ்சுட்டு."

"துடைச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

மாடசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அம்மன் மண்ணைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரித் தரையில உதுக்கச் சொல்லுதீகளா? படம் புடிக்கிறவரே பாத்தாரு. 'கோமதி அம்மன் மண்ணா? இருக்கட்டும் இருக்கட்டும்'னு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாருல்லா."

சங்கரி வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாடசாமியும் சிரித்தான், ஒரு வாரத்தில் முதல் தடவையாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்க, தறிச் சத்தத்தில் அவருக்கு வேறு கத்தி விளக்கினோம். படம் பிடித்தவர் பக்தியில் விட்டுவிட்டார். உள்ளறையில் உட்கார்ந்து படத்தை மட்டும் பார்த்த டாக்டருக்கு மண் இருந்ததே தெரியாது.

முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அப்போ மண்ணு பூசினா நெழலு விழுமா?" என்று கேட்டாள்.

"கனமாப் பூசினா விழும்."

"நெஞ்சுல பூசினாத்தானா?"

யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது. எக்ஸ்ரே உடம்பை ஊடுருவிப் போகும், முன்னால் பூசினாலும் முதுகில் பூசினாலும் ஒன்றுதான் என்று கையை ஆட்டி விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நல்ல மாணவி என்று நினைத்தேன்.

புதன்கிழமை திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம், நானும் சங்கரியும். புளியங்குடியிலிருந்து வருகிற பஸ், மேலே முழுக்க எலுமிச்சை மூட்டைகள். மானூர் தாண்டியதும் டயர் பஞ்சராகி வண்டி ஒரு பக்கம் சாய, ஒரு மூட்டை அவிழ்ந்து ரோடு முழுக்க மஞ்சளாக உருண்டது. டிரைவர், கண்டக்டர், பயணிகள், நான் எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். மூட்டைக்குச் சொந்தக்காரர் ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்தார். பினாங்கில் இப்படி நடந்தால் அடுத்த பஸ்ஸைத் தேடிப் போயிருப்போம். இங்கே ஒரு மணி நேரத்தில் எனக்கு நாலு பேரின் குடும்பக் கதை தெரிந்துவிட்டது.

திருநெல்வேலி டாக்டர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையானவர், ஆனால் அசையவில்லை. கம்பெனி விதிப்படி, ஒருமுறை தள்ளுபடி செய்த ஆளுக்கு ஆறு மாதத்துக்கு மறுபடம் கிடையாது என்றார் ஆங்கிலத்தில். "மண் பூசினால் நிழல் விழும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நீங்கள் சொல்வதை நான் கம்பெனிக்கு எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

"மாடசாமியை மறுபடி எடுக்க விதி இல்லை. என்னை எடுக்கலாம் இல்லையா?" என்றேன்.

சங்கரி கைப்பையில் புற்றுமண் பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். பின்னறையில் வைத்து என் காறை எலும்புக்குக் கீழே குழைத்துப் பூசினாள். "மருத்துவமும் அரசியலும் படிச்சு என்னட்டி கண்ட, கடைசியில சேத்தைப் பூசிக்கிட்டு நிக்க," என்று விசிறியபடியே காய வைத்தாள். படம் பிடிப்பவர் என்னைக் கண்டதும் பக்தியோடு மண்ணைத் தொடக் கையை நீட்டினார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து, ஈரம் சொட்டும் என் நெஞ்சுப் படத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கத்தில், மாடசாமிக்கு இருந்த அதே நிழல். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி மாறி மாறிப் பார்த்தார். விதிப்படி என்னையும் இந்தியாவை விட்டு அனுப்பக் கூடாது என்று சங்கரி தமிழில் முணுமுணுத்தாள்.

நான் ஜெயித்துவிட்டதாகக் குதிக்கத் தோன்றியது. ஆனால் ஜெனிவாவில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதிரில் இருப்பவர் தப்பை ஒப்புக்கொள்ளும்வரை நெருக்கினால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார், அவர் மரியாதையாக வெளியேற ஒரு வழி வைக்க வேண்டும். எனவே நான் மண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "முதல் படம் தெளிவாக விழவில்லை, ஆகவே மறுபடம் எடுக்கப்பட்டது என்று எழுதலாமா? தெளிவில்லாத படத்தைப் படம் என்றே கணக்கில் எடுக்க வேண்டாமே," என்றேன். அவர் அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் முட்டாளாகவும் ஆகவில்லை. "நாளைக்குக் காலையில் கூட்டிவாருங்கள்," என்றார்.

வியாழக்கிழமை நாலு பேரும் போனோம். மாடசாமி சலவைச் சட்டை போட்டிருந்தான். வழியில் முறுக்கு வாங்கிக்கொடுத்தான், யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றான். முப்பிடாதி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நானே அவன் நெஞ்சைச் சோதித்தேன். நெஞ்சில் மண் பூசக் கூடாது என்று முந்தின இரவே சொல்லியிருந்தோம். சோப்புப் போட்டுத் தேய்த்த நெஞ்சு. ஏதோ தோன்றி, திரும்பச் சொன்னேன். முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் புற்றுமண் காய்ந்து வெடித்திருந்தது.

"ஐயோ முப்பிடாதி!" என்று நானும் சங்கரியும் ஒரே குரலில் கத்திவிட்டோம்.

"நெஞ்சுல பூசக் கூடாதுன்னுதான சொன்னீக," என்றாள் அவள், தரையைப் பார்த்து.

மாடசாமிக்கே தெரியவில்லை. தூங்கி எழுந்ததும் முதுகு பிடிச்ச மாதிரி இருக்கு என்று சொன்னதற்கு அவள் ஏதோ தடவினாளாம். அவன் அவளைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "ஏட்டி, கழுவிவிடு," என்றான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழாயடியில் அவன் குனிந்து நிற்க, அவள் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவிய தண்ணீர் யார் காலிலும் படாமல் ஒரு செடியின் தூரில் போகும்படி அவனைத் தள்ளி நிற்கவைத்துக் கழுவினாள். பாவம், எவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு மனம் இளகிவிட்டது. இதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

படம் பளிச்சென்று விழுந்தது. பச்சை முத்திரை. பேராசிரியர் கேட்ட கைகள் அத்தனையையும் எழுதிவிட்டேன்: கம்பெனி, ஏஜெண்டு, டாக்டர், படம் பிடித்தவர், சங்கரி, நான். என் இரண்டு படிப்பும் சேர்ந்து ஒரு மனிதனை எல்லை தாண்ட வைத்துவிட்டதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்தில் ஊரே கூடிவிட்டது போலிருந்தது. பம்பாய் போகிற பதினோரு பேருக்கும் மாலை. மாடசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதுரை போகும் வண்டி வந்தது, அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ஜனங்கள் கலைந்தார்கள். முப்பிடாதி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கவலைப்படாதே. சீக்கு இல்லைன்னு ஆச்சே, உன் அம்மன்தான் காப்பாத்தினா," என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"எங்க காப்பாத்துனா?" என்றாள். "அவுக போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் பூசினேன். அம்மனும் கேட்டா, நெழல விழ வச்சா. நீங்க வந்துட்டீக."

அப்படியானால் முதுகில் பூசியது யோசித்துச் செய்தது. அதற்கு வழி சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"யாரு கேட்டீக?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவுககிட்ட இருமல் உண்டான்னு கேட்டீக, டாக்டர்கிட்ட விதி என்னன்னு கேட்டீக. என்கிட்ட மண்ணு எங்கன பூசினா நெழலு விழும்னு சொல்லிக் குடுத்தீக, ஒண்ணும் கேக்கலியே."

உண்மை. ஐந்து நாளாக அவள் என் எதிரிலேயே நின்றிருந்தாள். நான் எழுதிய கைகளில், அந்தக் காகிதத்தை இரண்டு தடவை நிறுத்தப் பார்த்த கை மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் முந்தானையை நீட்டினாள்.

"பிறகு ஏன் குழாயடியில் கழுவிவிட்டே?"

"அவுக பாத்த பார்வையை நீங்க பாக்கலியா? சீக்காளின்னு பேரெடுத்துட்டு இந்தத் தெருவுல எப்படி இருப்பாக? சரி, போயிட்டு வரட்டும்னு கழுவினேன்." மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அழுது என்ன செய்ய. ஒரு உதவி செய்யுங்க. நாட்டுக்கும் நாட்டுக்கும் எப்படிப் பேசணும்னுதான நீங்க படிச்சிருக்கீகளாம், சங்கரி டாக்டரம்மா சொன்னாக. ரெண்டு வருசம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போறாக. அதுக்கு மேல ஒரு நாளும் வச்சிருக்கக் கூடாதுன்னு அந்த அரபு ராசாவுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க."

சிரித்துத் தட்டிக்கழித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பையிலிருந்து காகிதம் எடுத்து, அந்த நாட்டின் தூதரகம் வழியாக, அரசருக்கு எழுதவேண்டிய முறைப்படி, மேன்மை தங்கிய என்று தொடங்கி ஆங்கிலத்தில் எழுதினேன். வரி வரியாகத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'தயவுசெய்து' என்று இருந்த இடத்தை எடுக்கச் சொன்னாள். அவர்களும்தான் நம் ஆளின் உழைப்பை வாங்குகிறார்கள், கெஞ்ச வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டேன். கீழே முப்பிடாதி என்று எழுதி, ரேகை வைக்க மை இல்லையே என்று பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்து சின்னப் பொட்டலத்தை அவிழ்த்தாள். பிளாட்பாரக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மண்ணைக் குழைத்து, கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை நானே தபாலில் சேர்த்தேன். தூதரகத்திலிருந்து பதில் வரவில்லை. என் ஆய்வுக் கட்டுரையில் முப்பிடாதியின் கையையும் சேர்த்து எழுதினேன், பேராசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பாராட்டிக் கோடு போட்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் எல்லையோர அகதி முகாம்களில் தடுப்பூசி வேலைக்குப் போய்விட்டேன். எந்த முகாமிலும் முதலில் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். அங்கே ஒரு நாள் சங்கரியின் கடிதம் வந்தது. மாடசாமி நல்லபடியாகத் திரும்பிவிட்டான், உடம்பு தேறி, புது வாட்ச் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி:

"ரெண்டு வருசம் நாலு மாசம் ஆயிட்டு. அந்த நாலு மாசம் எப்படிக் கூடப் போச்சுன்னு முப்பிடாதி உன்கிட்ட கேக்கச் சொன்னா, பதில் எழுது."